பெண் நாயகி என்பதால்தான் அரங்கு காலியாக இருந்ததா? ‘தி மார்வெல்ஸ்’ வசூலை முன்வைத்து

#1 கல்லாப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். வேறோர் இழையில் ஒருவர், “சூப்பர் ஹீரோயின் படம் என்றாலே தியேட்டர்க்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டுச் சென்றார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

2019 மார்ச் 8 அன்று, மகளிர் தினத்தில் வெளிவந்த ‘கேப்டன் மார்வெல்’ உலகெங்கும் சுமார் 113 கோடி டாலர் வசூலித்தது. அதே கரோல் டான்வர்ஸ் என்ற நாயகிப் பாத்திரம், அதே நடிகை பிரீ லார்சன், அதே நிறுவனம் என்று 2023 நவம்பர் 10 அன்று வந்த ‘தி மார்வெல்ஸ்’ ஏறத்தாழ 20.6 கோடி டாலரில் நின்றுவிட்டது. அமெரிக்கா, கனடாவின் முதல் வார இறுதி வசூல் 15.3 கோடியிலிருந்து 4.6 கோடிக்கு இறங்கியது. மார்வெல் ஸ்டுடியோஸ் அதுவரை வெளியிட்டிருந்த முப்பத்து மூன்று படங்களில் இதுவே மிகக் குறைந்த ஓப்பனிங். இரண்டாம் வார இறுதியில் 78 விழுக்காடு சரிவு. அரசுச் சலுகைகள் போகவே 20 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய படம் இது. டிக்கெட் பணத்தில் ஏறக்குறையப் பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரச் செலவைக் கணக்கில் எடுக்காமலேயே நட்டம் எத்தகையது என்பது புரியும்.

நாயகி பெண் என்பது இரண்டு படங்களுக்கும் பொது. இரண்டுக்கும் பொதுவாக உள்ள ஒன்று, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு எப்படிக் காரணமாக முடியும்? என் கருத்தில், பெண் நாயகியரின் படங்கள் திரும்பத் திரும்ப மோசமான நேரத்திலும் மோசமான ஏற்பாட்டிலும் வெளியிடப்படுகின்றன. விழுந்த பிறகு பழி மட்டும் நாயகியின் தலையில் விழுகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள். ஆனால் தரவோடு எழுதுங்கள்.

#2 இருட்டறைவாசி

கல்லாப்பெட்டி அவர்களின் தர்க்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அந்த 113 கோடியை அப்படத்தின் சொந்தச் சம்பாத்தியமாக எடுத்துக்கொண்டுவிட்டார். 2018இல் ‘அவெஞ்சர்ஸ்’ வரிசையில் வந்த ‘இன்ஃபினிட்டி வார்’ எப்படி முடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். நிக் ஃபியூரி தூசியாக உதிர்வதற்குள் ஒரு பழைய பேஜரை எடுத்து அழுத்துகிறார். அது தரையில் விழுகிறது. அதன் சின்னத் திரையில் ஒரு நட்சத்திரச் சின்னம் ஒளிர்கிறது. அவ்வளவுதான். உலகின் பாதி உயிர்கள் போய்விட்ட நிலையில், அந்தச் சின்னம் யாருடையது என்ற கேள்வியை ஏறத்தாழ ஓர் ஆண்டு நம் தலைக்குள் ஓடவிட்டு, அதன் தொடர்ச்சியான ‘எண்ட்கேம்’ வெளிவருவதற்கு ஏழே வாரங்களுக்கு முன் விடையைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னார்கள். நாம் வரிசையில் நின்று வாங்கினோம். கரோல் டான்வர்ஸ் என்ற பாத்திரத்தின் மேல் யாருக்கும் தனிப் பிரியம் இருந்து அந்த வரிசை உருவாகவில்லை. எனவே 2019இன் எண்தான் ஊதிப்போனது. 2023இன் எண்தான் அந்தப் பாத்திரத்தின் உண்மையான சந்தை மதிப்பு.

#3 கல்லாப்பெட்டி

நண்பர் இருட்டறைவாசிக்கு: அந்த இடத்தில் எதை வைத்தாலும் ஓடியிருக்கும் என்கிறீர்கள். அதே இடைவெளியில், 2018 ஜூலையில், ‘ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப்’ வெளிவந்தது. அதன் உலக வசூல் ஏறத்தாழ 62 கோடி டாலர். அதுவும் ‘எண்ட்கேம்’ செல்லும் அதே பேருந்தில் ஏறியிருந்த பயணிதான். பேருந்து ஒன்றே என்றால் கட்டணம் ஏன் இரண்டு மடங்கு வேறுபட்டது?

#4 இருட்டறைவாசி

ஆன்ட்-மேன் கையில் பேஜர் இல்லை, ஐயா. அதுதான் வேறுபாடு.

#5 நீலவானம்

நீங்கள் இருவரும் வசூலைப் பேசுகிறீர்கள். நான் இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தப் படத்துக்கு நான் என் அக்காவை அழைத்துச் சென்றேன். அவர் ‘கேப்டன் மார்வெல்’ பார்த்தவர், ‘எண்ட்கேம்’ பார்த்தவர். அதாவது ஒரு சராசரி இரசிகர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தவர். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மோனிகா ராம்போ விண்வெளி உடையில் மிதக்கிறார். அக்கா என் காதருகே வந்து, “இவர் யார்?” என்றார். முந்தைய படத்தில் வந்த சிறுமி என்றேன். “அவளுக்கு எப்போது சக்தி வந்தது?” அது ‘வாண்டாவிஷன்’ தொடரில் வந்தது. “இந்தப் பள்ளிக்கூடப் பெண்?” அது ‘மிஸ் மார்வெல்’ தொடர். “ஃபியூரி ஏன் விண்வெளி நிலையத்தில் இருக்கிறார்?” இந்த இடத்தில் நானே கையை விரித்துவிட்டேன். முதல் தொடர் ஒன்பது பகுதி, இரண்டாவது ஆறு பகுதி. இரண்டும் ஓடிடியில் மட்டும் வந்தவை. 105 நிமிடப் படத்தைப் புரிந்துகொள்ள அதைவிடப் பல மடங்கு நேரம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் படத்தில் நன்றாக இருந்த பகுதி, வீட்டுப்பாடம் தேவைப்படாத பகுதிதான். கரோல், மோனிகா, அந்தப் பள்ளிக்கூடப் பெண் கமலா கான் மூவரும் தத்தம் சக்தியைப் பயன்படுத்தும்போதெல்லாம் இடம் மாறிக்கொள்கிறார்கள் அல்லவா, அதனால் ஜெர்சி சிட்டியில் கமலா கானின் வீட்டுக்குள் வந்துவிழும் சண்டை இருக்கிறதே, அங்கே அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கூடத்துச் சாமான்கள் நொறுங்க, அம்மா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வேற்றுக்கிரக வீரர்களை எதிர்த்து நிற்க, மகள் எந்த நொடியில் எந்த அறையில் தோன்றுவாள் என்று வீடே திகைத்து நிற்கிறது. அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள எந்தத் தொடரும் பார்க்க வேண்டியதில்லை. நம் வீட்டு ஆட்கள் மாதிரியே இருந்தார்கள். படம் முழுவதும் அப்படி இருந்திருந்தால் அக்கா இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். வெளியே வந்து அவர் சொன்னது, “நடுவில் பாதியைத் தவறவிட்ட மாதிரி இருந்தது” என்பதுதான்.

#6 பழைய ரீல்

நீலவானம் சொல்வது சரி. ஆனால் அது பெண் நாயகிக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று. அதே 2023இல் வெளியான ஆன்ட்-மேன் மூன்றாம் பாகம் ‘குவாண்டமேனியா’ முதல் வாரத்தில் 10 கோடிக்கு மேல் வாரிவிட்டு, இரண்டாம் வார இறுதியில் 70 விழுக்காடு சரிந்தது. மார்வெலின் போட்டியாளரான டிசி தரப்பில் ‘ஷசாம்’ இரண்டாம் பாகம் 13 கோடியைச் சற்றே தாண்டியது. ‘தி ஃபிளாஷ்’ இரண்டு பேட்மேன்களை வைத்துக்கொண்டும் 27 கோடியோடு படுத்துவிட்டது. மூன்றிலும் நாயகர் ஆண்.

இங்கேதான் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014இல் சோனி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் ஊடுருவித் திருடப்பட்டன. அடுத்த ஆண்டு விக்கிலீக்ஸ் அவற்றை வெளியிட்டபோது, மார்வெலின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ஐசக் பெர்ல்மட்டர் சோனித் தலைவருக்கு எழுதிய ஒரு கடிதமும் வெளிவந்தது. பெண்களை மையமாகக் கொண்ட படங்கள் என்று மூன்றை வரிசையாக எழுதி, ஒன்று மிக மோசம், மற்ற இரண்டும் பேரழிவு என்று சில வரிகளில் முடித்திருந்தார். ‘எலெக்ட்ரா’, ‘கேட்வுமன்’, ‘சூப்பர்கேர்ள்’. இதில் ‘சூப்பர்கேர்ள்’ 1984இல் வந்தது, ‘கேட்வுமன்’ 2004, ‘எலெக்ட்ரா’ 2005. முப்பது ஆண்டுக்கால வரலாறு என்று எடுத்துக்காட்ட மூன்றே படங்கள்தாம் கிடைத்தன.

அந்த மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் காப்பாற்ற வரவில்லை. ‘கேட்வுமன்’ படத்தில் உலகை அச்சுறுத்தும் ஆபத்து ஒரு முகப்பூச்சு கிரீம். ஹாலி பெரி ஆஸ்கர் வாங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அவரைக் கொண்டுவந்து கிரீம் டப்பாவோடு சண்டை போட வைத்தார்கள். 10 கோடி டாலர் செலவில் எடுத்து 8 கோடியைச் சற்றே தாண்டினார்கள். ஆனால் 2011இல் ‘கிரீன் லாண்டர்ன்’ விழுந்தபோது, “ஆண்கள் நடிக்கும் படம் ஓடாது” என்று யாராவது யாருக்காவது கடிதம் எழுதினார்களா? அந்த நாயகனாக நடித்த ரயன் ரெனால்ட்ஸ் ஐந்தாண்டு கழித்து ‘டெட்பூல்’ ஆகத் திரும்பி வந்து அந்தத் தோல்வியையே நகைச்சுவையாக்கினார். ‘கேட்வுமன்’, ‘எலெக்ட்ரா’ இரண்டுக்கும் பிறகு ‘வொண்டர் வுமன்’ 2017இல் வரும்வரை, பெரிய நிறுவனம் எதுவும் ஒரு காமிக்ஸ் நாயகியைத் தனித்து நிறுத்திச் சூப்பர் ஹீரோ படம் எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள்!

#7 வேட்டி கட்டிய வுல்வரின்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். வலைத்தளங்களில் அந்த நடிகைக்கு எதிராக நடந்த பிரச்சாரம்தான் படத்தைக் கொன்றது. இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

#8 இருட்டறைவாசி

ஏனென்றால் அந்த விளக்கம் காலக்கணக்கில் நிற்காது. பிரீ லார்சன் மீதான வசைமாரி உச்சத்தில் இருந்தது 2019 பிப்ரவரியில். ‘கேப்டன் மார்வெல்’ வெளிவருவதற்கு முன்பே ராட்டன் டொமேட்டோஸ் என்ற திரைமதிப்பீட்டுத் தளத்தில் வெறுப்பைக் கொட்டித் தீர்த்தார்கள். வெளியீட்டுக்கு முன் பார்வையாளர் கருத்துப் பதியும் வசதியையே அத்தளம் அப்போது நீக்கியது. அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்தப் படம்தான் 15 கோடி டாலர் ஓப்பனிங் எடுத்தது. கூச்சல் அதிகமாக இருந்தபோது ஓடிய பாத்திரம், கூச்சல் ஓய்ந்த பிறகு விழுந்திருக்கிறது. அந்தப் பிரச்சாரம் அருவருப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு வசூலைத் தீர்மானிக்கும் வலிமை உண்டு என்று சொல்வது, அவர்களுக்கு நாமே பட்டம் கட்டிவிடுவது போலாகும்.

#9 மாட்டினி ஷோ

ஹாலிவுட் நடிகர் சங்க வேலைநிறுத்தத்தை மறந்துவிட்டீர்களா? ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை யாரும் படத்தைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. மறுநாள் படம் வெளிவருகிறது. மூன்று நாயகியரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கொடுத்திருந்தால் நிலைமையே வேறு. கமலா கானாக நடித்த ஈமான் வெல்லானி பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒருவரே இரசிகர்களைத் திரட்டியிருப்பார். அதோடு, எப்படியும் சில மாதங்களில் ஓடிடியில் வந்துவிடும் என்று காத்திருக்கவும் மக்கள் பழகிவிட்டார்கள்.

#10 பழைய ரீல்

மாட்டினி ஷோ அவர்களே, இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கிறது. அதே வேலைநிறுத்தக் காலத்தில், அக்டோபர் 27 அன்று, ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடீஸ்’ என்ற பேய்ப்படம் வந்தது. ஒரு கணினி விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது. வெளியான அன்றே பீகாக் ஓடிடியிலும் கிடைத்தது. அப்படியிருந்தும் அமெரிக்க ஓப்பனிங் 8 கோடி டாலர். வீட்டிலேயே பார்க்கலாம் என்ற நிலையிலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அரங்குக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் ‘தி மார்வெல்ஸ்’ படத்தைக் காயப்படுத்தியிருக்கலாம்; உயிரை எடுத்திருக்காது.

ஓடிடி உண்மையில் சேதம் செய்த படங்கள் வேறு. ‘வொண்டர் வுமன் 1984’ 2020 கிறிஸ்துமஸ் அன்று, பெருந்தொற்று நடுவில், அமெரிக்காவில் அரங்கிலும் எச்பிஓ மேக்ஸிலும் ஒரே நாளில் வந்தது. ‘பிளாக் விடோ’ 2021 ஜூலையில் அரங்கிலும், 30 டாலர் தனிக் கட்டணத்தில் டிஸ்னி பிளஸ்ஸிலும் ஒன்றாக வந்தது. தன் ஊதியம் வசூலோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இது ஒப்பந்த மீறல் என்று அதன் நாயகி ஸ்கார்லெட் ஜோஹன்சன் வழக்கே தொடர்ந்தார்; இரண்டு மாதங்களில் சமரசமானது. இவ்விரண்டின் வசூலையும் எடுத்துவந்து “பெண் படம் ஓடவில்லை” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

#11 கல்லாப்பெட்டி

‘பிளாக் விடோ’ பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அந்தப் பாத்திரமான நடாஷா ரோமனாஃப் முதலில் தோன்றியது 2010இல், ‘அயர்ன் மேன் 2’ படத்தில். தொடர்ந்து எத்தனையோ படங்களில் அடுத்தவர் கதைக்குத் தோள்கொடுத்து, 2019இல் ‘எண்ட்கேம்’ படத்தில் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தும் போனார். அதற்கும் இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவர் பெயரில் ஒரு படம். பெருந்தொற்றைக் கழித்துவிட்டாலும் அது இறப்புக்குப் பிந்தைய படமாகத்தான் வந்திருக்கும். நடுவில் எறும்பு மனிதருக்கு இரண்டு படமும் பேசும் மரத்துக்கு (‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’) இரண்டு படமும் எடுத்து முடித்துவிட்டார்கள். 2013, 2014 வாக்கில் வந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் முதல் பதிவில் ‘மோசமான நேரம்’ என்று சொன்னதன் பொருள் இதுதான்.

#12 நீலவானம்

நேரம், ஏற்பாடு எல்லாம் சரி. அரங்குக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லையே?

‘வொண்டர் வுமன்’ 2017 ஜூனில் வந்தபோது அமெரிக்காவில் முதல் வார இறுதிக் கூட்டத்தில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் பெண்கள். காமிக்ஸ் படங்களுக்கு அது வழக்கத்துக்கு மாறானது. ‘தி மார்வெல்ஸ்’ முதல் வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக ஆண்கள் என்று அப்போதைய கணிப்புகள் கூறின. மூன்று பெண்கள் நாயகியர், பெண் இயக்குநர் நியா டகோஸ்டா, வில்லியும் பெண். பார்க்க வந்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். “பெண் நாயகி என்பதால் ஆண்கள் ஒதுக்கிவிட்டார்கள்” என்ற பேச்சு இங்கே தலைகீழாகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் எந்த மார்வெல் படம் வந்தாலும் முதல் நாள் வரும் பரம இரசிகர்கள். மற்ற எவரும் வரவில்லை, பெண்கள் உட்பட.

பெண்கள் அந்த ஆண்டு அரங்குக்கே வராமல் இருந்தார்களா? நான்கு மாதங்களுக்கு முன், ஜூலை 21 அன்று, ‘பார்பி’ வந்தது. 144 கோடி டாலர். அந்த ஆண்டு உலகின் முதலிடம் அதற்குத்தான். அக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்டின் இசைநிகழ்ச்சிப் படம் 9 கோடி டாலருக்கு மேல் ஓப்பனிங் எடுத்தது. இளஞ்சிவப்பு உடையில் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, முன்பதிவு செய்து, படம் எடுத்துப் போட்டு, மறுபடியும் போன கூட்டம் அது. அந்தக் கூட்டத்தை ‘தி மார்வெல்ஸ்’ அழைக்கவே இல்லை. கடைசி நாட்களில் வந்த விளம்பரத்தில் முன்னால் நின்றவர்கள் யார் தெரியுமா? பழைய படங்களின் ஆண் நாயகர்களான டோனி ஸ்டார்க்கும் ஸ்டீவ் ரோஜர்ஸும்! பழைய படங்களின் துண்டுகளை ஒட்டி, “இதுவும் அந்தக் குடும்பத்துப் படம்தான்” என்று பழைய இரசிகரிடம் கெஞ்சினார்கள். தன் நாயகியர் மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத படத்துக்கு நான் ஏன் தோழிகளைத் திரட்ட வேண்டும்?

#13 வேட்டி கட்டிய வுல்வரின்

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ‘பார்பி’ சூப்பர் ஹீரோ படம் அல்லவே. அது பெண் பிள்ளைகளின் பொம்மை. சண்டைப் படத்துக்கு அதே கூட்டம் வருமா?

#14 நீலவானம்

‘ஹங்கர் கேம்ஸ்’ 2012இல் வில்லும் அம்பும் ஏந்திய பெண்ணை வைத்து எடுக்கப்பட்ட படம்தானே, தம்பி? அதன் இரண்டாம் பாகம் 86 கோடி டாலர் வசூலித்தது. சண்டை பெண்களை விரட்டுவதில்லை. சண்டை யாருக்காக, எதற்காக என்பது தெரிந்தால் போதும்.

#15 மூன்றாவது மணி

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். #14இன் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது, ஏனென்றால் சிக்கலின் வேர் எழுத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

‘வொண்டர் வுமன்’ படத்தில் பதுங்குகுழிக் காட்சியை எல்லாரும் நினைவு வைத்திருப்பீர்கள். முதல் உலகப் போர். எதிரே எவரும் கடக்க முடியாத வெற்று நிலம். கையில் குழந்தையோடு ஒரு பெண், தன் ஊர் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று நாயகி டயானாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். உடன் வந்த ஆண், எல்லாரையும் காப்பாற்ற முடியாது, நாம் வந்த வேலை இது இல்லை என்கிறார். டயானா திரும்பி நின்று தலையில் பட்டத்தை அணிந்து, மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியில் ஏறுகிறாள். முதல் தோட்டாவைக் கைக்காப்பால் தட்டிவிடுகிறாள். பிறகு இயந்திரத் துப்பாக்கியின் முழுத் தாக்குதலையும் கேடயத்தில் வாங்கிக்கொண்டு முழங்காலை மடக்கி நிற்கிறாள். அதற்கு மேல் நகர முடியவில்லை. அவள் அப்படித் தாங்கி நிற்கும் நேரத்தில்தான் பின்னாலிருந்த வீரர்கள் குழியைவிட்டு எழுந்து ஓடிவருகிறார்கள். மொத்தம் சில நிமிடம். அவள் என்ன நம்புகிறாள், எதை மீறுகிறாள், அதற்கு என்ன விலை, அதனால் என்ன மாறுகிறது என்று நான்கும் அதற்குள் வந்துவிடுகின்றன. எந்தத் தொடரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

‘தி மார்வெல்ஸ்’ படத்தில் இதைவிடக் கனமான பொருள் இருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கரோல், க்ரீ என்ற வேற்றுக்கிரக மக்களை அடக்கி ஆண்ட செயற்கை அறிவை அழிக்கிறாள். விடுதலை தருவதாக நினைத்துச் செய்தது. விளைவு உள்நாட்டுப் போர். அவர்களுடைய காற்றும் நீரும் கெட்டு, சூரியனும் மங்குகிறது. அந்த மக்கள் அவளை ‘அழிப்பவள்’ என்று அழைக்கிறார்கள். அவள் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு முப்பது ஆண்டு வீடு திரும்பாமல் அலைகிறாள். வருவேன் என்று வாக்களித்த தோழி இறந்தபோதும் வரவில்லை. தோழியின் மகள் அதைக் கேட்கிறாள். இது எப்படிப்பட்ட கதை! ஒரு நாயகிக்கு எழுதக்கூடிய மிகப் பெரிய குற்றவுணர்வு. படம் இதைச் சில வசனங்களில் சொல்லிவிட்டு, பாட்டாகவே பேசும் மக்கள் வாழும் கிரகத்துக்கும் ஆட்களை விழுங்கும் பூனைக் குட்டிகளுக்கும் போய்விடுகிறது. (பூனைக் குட்டிகள் காட்சி எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை.) கடைசியில் கரோல் பறந்து போய் மங்கிய சூரியனை மறுபடி எரியவிட்டுவிட்டு வருகிறாள். சட்டென்று முடிந்துவிடுகிறது. இது உன்னால் முடியும் என்றால் முப்பது ஆண்டு ஏன் செய்யவில்லை என்று அரங்கில் எனக்குப் பின்னால் ஒருவர் உரக்கவே கேட்டார்.

எதையும் செய்ய முடிந்த பாத்திரத்துக்கு எதையும் இழக்க நேராவிட்டால் பார்வையாளருக்கு அங்கே வேலையில்லை. சூப்பர்மேனுக்கும் இதே நோய் உண்டு. நாயகியைப் பலவீனமாகக் காட்டினால் விமர்சனம் வரும் என்று அஞ்சி அவளை முழுக்கப் பளிங்காக்கிவிடும் எழுத்து, பெண்களுக்குச் செய்யும் மரியாதை அன்று.

#16 பழைய ரீல்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகர், படம் விழுந்த சில வாரங்களில் ஒரு மேடையில், பெருந்தொற்றுக் காலத்தில் படப்பிடிப்பு நடந்ததால் அலுவலர்கள் போதிய அளவு உடனிருந்து கண்காணிக்கவில்லை என்று சொன்னார். அதாவது இயக்குநரைக் கண்காணிக்கவில்லையாம். வெளியீட்டுத் தேதியை 2022 ஜூலையில் தொடங்கிப் பல முறை மாற்றி நவம்பருக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? மூன்று கதைகளையும் 105 நிமிடத்துக்குள் திணிக்க ஒப்புதல் தந்தவர்கள் யார்? நிறுவனத்தின் மொத்த வரலாற்றிலும் மிகக் குறைந்த நேரம் ஓடும் படம் இது. பழியை எங்கே இறக்குவது என்பதில் மட்டும் அவர்கள் கண்காணிப்புத் தவறுவதே இல்லை.

#17 மாட்டினி ஷோ

நம் ஊரில் இன்னொரு காரணமும் இருந்தது. நவம்பர் 10 என்பது 2023 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. அதே நாளில் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’, ‘ஜப்பான்’ இரண்டும் வந்தன. தீபாவளியன்று இந்தியில் ‘டைகர் 3’. எங்கள் பக்கத்து மல்டிபிளெக்ஸில் கரோல் டான்வர்ஸுக்கு இருப்பதிலேயே சிறிய அரங்கும், யாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்திராத காலைக் காட்சியும்தான் கிடைத்தன. இது அமெரிக்க வசூலை விளக்காது என்று எனக்குத் தெரியும். பண்டிகை வாரத்தில் குடும்பத்தோடு போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

#18 வேட்டி கட்டிய வுல்வரின்

இவ்வளவு பேசிவிட்டு ‘லோகா’ படத்தைச் சொல்லாமல் விடலாமா? 2025 ஓணத்தை ஒட்டி ஆகஸ்ட் 28 அன்று வந்த மலையாளப் படம். கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. ஏறத்தாழ 30 கோடி ரூபாய் செலவு. உலக வசூல் 300 கோடி ரூபாய்க்கு அப்பால். மலையாளத் திரையுலகின் வசூல் சாதனையே 2025இல் ஒரு பெண் சூப்பர் ஹீரோவிடம் போய்ச் சேர்ந்தது. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு நன்றாக ஓடியது.

#19 இருட்டறைவாசி

‘லோகா’ எனக்கும் பிடித்த படம். ஆனால் அதை இங்கே சான்றாக வைப்பதில் ஒரு தயக்கம் உண்டு. 30 கோடி ரூபாய் என்பது ‘தி மார்வெல்ஸ்’ செலவில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அங்கே பத்து மடங்கு வசூல் என்பது சாத்தியம். இங்கே இரண்டரை மடங்கு வசூல் வந்தால்தான் போட்ட காசே திரும்பும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் தராசுதான் உடையும்.

#20 மூன்றாவது மணி

செலவில் ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கதை சொன்ன முறையில் ஒப்பிடலாம் அல்லவா? ‘லோகா’ நாயகிக்கு மூலமான கள்ளியங்காட்டு நீலி கேரளத்தில் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்திய யட்சி. அந்தப் பயத்தைப் படம் எடுத்துக்கொண்டு, இவள் ஏன் அப்படி ஆனாள் என்று முன்கதையைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறது. தெரிந்தவருக்குச் சிலிர்ப்பு, தெரியாதவருக்கும் தடையில்லை. நான் கேரளத்துப் பாட்டி எவரையும் அறியாதவன், எனக்குப் புரிந்தது. அந்த நாயகிக்கு வரம்பும் உண்டு, பகலில் வெளியே நடமாட முடியாது. நீலவானத்தின் அக்காவை அந்தப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தால் “இவர் யார்” என்று கேட்டிருப்பார். படமே பதில் சொல்லியிருக்கும்.

#21 கல்லாப்பெட்டி

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. எண்களை இன்னொரு கோணத்தில் வைக்கிறேன். அமெரிக்கா, கனடாவின் மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்தால், படம் பார்த்தவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்களா என்பது தெரியும். ‘வொண்டர் வுமன்’ 10.3 கோடியில் தொடங்கி 41.3 கோடியில் முடிந்தது, அதாவது நான்கு மடங்கு. ‘கேப்டன் மார்வெல்’ 15.3 கோடியிலிருந்து 42.7 கோடி, ஏறத்தாழ 2.8. ‘பிளாக் விடோ’ 8 கோடியிலிருந்து 18.4 கோடி, 2.3. ‘தி மார்வெல்ஸ்’ 4.6 கோடியிலிருந்து 8.5 கோடி, 1.8.

ஓப்பனிங் மட்டும் பார்த்தால் ‘கேப்டன் மார்வெல்’ படத்துக்கு முதலிடம். நண்பர் இருட்டறைவாசியின் பேஜர் வாதம் அந்த 15.3 கோடிக்குப் பெருமளவு பொருந்தும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் நான்கு மடங்கு என்பதைப் பேஜர் தர முடியாது. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று அக்காவையும் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் தந்தது அது. பெண் நாயகி கூட்டத்தைத் துரத்துபவள் என்றால், துரத்தல் நடந்திருக்க வேண்டிய இடத்தில் படம் வளர்ந்திருக்கிறது.

#22 இருட்டறைவாசி

வகுத்தல் கணக்கு நியாயமானது. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டும் ‘வொண்டர் வுமன்’ 1941 முதல் இருக்கும் பெயர். எழுபதுகளில் லிண்டா கார்ட்டர் தொலைக்காட்சித் தொடர் வழியாக வீடு வீடாகப் போன பெயர். காமிக்ஸ் படிக்காத பாட்டிக்கும் தெரியும். கரோல் டான்வர்ஸ் 1968இல் பிறந்து, பெயரும் உடையும் பலமுறை மாறி, 2012இல்தான் ‘கேப்டன் மார்வெல்’ ஆனவர். கமலா கான் 2013இல் அறிமுகமானவர். முன்னறிமுகம் இல்லாத நாயகிக்கு நான்கு மடங்கு வந்த ஹாலிவுட் படம் ஒன்றை யாராவது காட்டட்டும். அதுவரை என் ஐயத்தை நான் விடுவதாக இல்லை. முன்னறிமுகம் இல்லாத ஆண்களுக்கு ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ அதைச் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். அதற்கு 2014இல் ஏறத்தாழ 3.5 மடங்கு வந்தது. அப்போது மார்வெல் கொடி பறந்துகொண்டிருந்தது.

#23 நீலவானம்

அப்படிச் சொல்லுங்கள்! அந்தக் கொடி உயரப் பறந்தபோது பேசும் மரத்துக்கும் துப்பாக்கி ஏந்திய ரக்கூனுக்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள். கொடி கிழிந்த பிறகு கமலா கானிடம் கொடுத்து ஏந்தச் சொன்னார்கள். கல்லாப்பெட்டி ஐயா முதல் பதிவில் சொன்னதை நீங்களே இப்போது மெய்ப்பித்துவிட்டீர்கள்.

#24 இருட்டறைவாசி

மெய்ப்பித்ததாக நான் நினைக்கவில்லை. பாதி வழி வந்திருக்கிறேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். 2026 ஜூனில் மில்லி ஆல்காக் நடிக்கும் ‘சூப்பர்கேர்ள்’ வருகிறது. 2025 ‘சூப்பர்மேன்’ படத்தின் முடிவில் தள்ளாடிக்கொண்டு வந்து நாயை அழைத்துப் போனாரே, அவர்தான். பெயர் எல்லாருக்கும் தெரியும். முன்னால் பார்க்க வேண்டிய தொடர் எதுவும் இல்லை. பெருந்தொற்றும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. நீங்கள் சொன்ன சாக்குகள் எல்லாம் நீங்கிய படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரக் கூட்டத்தில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்து, மொத்த வசூல் ஓப்பனிங்கின் மூன்று மடங்கைத் தாண்டினால், இதே இழையில் வந்து நீலவானம் அவர்களின் கட்சியில் சேர்ந்துகொள்கிறேன். கூட்டம் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு ஆண்களாகவே இருந்தால் என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களும் இப்போதே எழுதிவையுங்கள்.

#25 நீலவானம்

எழுதுகிறேன். அப்படி நடந்தால் முதலில் அந்தப் படத்தின் முன்னோட்டத்தை எடுத்துப் பார்ப்பேன். அதில் சூப்பர்கேர்ளைவிடச் சூப்பர்மேன் எத்தனை நொடி அதிகமாக வருகிறார் என்று எண்ணிவிட்டு, அதன் பிறகே உங்களோடு பேச வருவேன்.